சென்னை மொட்டை மாடியில் பனி ஆந்தையா?

டிசம்பர் 13, காலை

பெரும்பாக்கம் வாசகர் ஒருவரின் கேள்வி: "எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் அறைக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று ஒரு ஆந்தை வந்து உட்கார்ந்திருக்கிறது. முகம் வெள்ளை, நெஞ்சு வெள்ளை. இணையத்தில் தேடினால் பனி ஆந்தை என்று காட்டுகிறது. ஆர்க்டிக்கில் குளிர் தாங்காமல் மார்கழிக்கு இங்கே வந்திருக்குமா? எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்."

வராது. நீங்கள் பார்த்தது கூகை. படம் மங்கல்தான், ஆனாலும் முகம் ஒன்றே போதும். இதய வடிவ முகம், இரண்டு கண்ணும் கறுப்பு. பனி ஆந்தைக்கு முகம் வட்டம், கண் பளிச்சென்ற மஞ்சள். இன்னும் சந்தேகம் இருந்தால் காலைப் பாருங்கள். கூகைக்கு மெலிந்து நீண்ட கால், விரல்கள் வெளியே தெரியும். பனி ஆந்தைக்கு விரல் நுனி வரை இறகு மூடியிருக்கும், நகம் மட்டும்தான் தெரியும். முதுகும் வேறு. கூகையின் முதுகில் பொன்னிறமும் சாம்பலும் கலந்திருக்கும், நடுவே பொடிப்பொடியாகப் புள்ளிகள்.

அளவிலும் ரொம்பத் தூரம். கூகை ஓரடிக்குச் சற்று மேல், எடை அரைக் கிலோவுக்குள். பனி ஆந்தை இரண்டடி உயரம், பெண் பறவை 2 கிலோவைத் தாண்டும், இறக்கையை விரித்தால் ஐந்தடி வரை போகும். அது உங்கள் லிஃப்ட் அறை மேல் உட்கார்ந்திருந்தால் எதிர்க் கட்டடத்திலிருந்து பார்க்கிறவருக்கே தெரியும்.

இரவில் ஒரு சீறல் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஆவி சீறுமே, அந்த மாதிரி, விட்டு விட்டு. வந்தால் உள்ளே குஞ்சு இருக்கிறது என்று அர்த்தம். யாரையும் மேலே போய் எட்டிப் பார்க்க விடாதீர்கள்.

டிசம்பர் 13, இரவு

"சார், நீங்கள் பனி ஆந்தையை நேரில் பார்த்ததுண்டா?" என்று பெரம்பூர் தம்பி கேட்கிறார்.

பார்த்திருக்கிறேன். மகள் டொரொண்டோவில் இருக்கிறாள். ஒரு ஜனவரியில் அங்கே தங்கியிருந்தபோது மாப்பிள்ளை ஆம்ஹர்ஸ்ட் தீவுக்குக் கூட்டிப்போனார். ஒண்டாரியோ ஏரியின் கிழக்கு முனையில் கிங்ஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. காரையே படகில் ஏற்றி அக்கரைக்குப் போக வேண்டும். தீவு முழுக்க வயலும் புல்வெளியும். வயல் எலிகள் அதிகம் என்பதால் குளிர்காலத்தில் ஆந்தைகள் வந்து சேரும் இடம்.

வெறும் கண்ணுக்கு வயலின் நடுவில் ஒரு பனிக் குவியல்தான் தெரிந்தது. பைனாகுலரில் பார்த்தபோது அந்தக் குவியலில் சாய்வாக இரண்டு கறுப்புக் கோடுகள். முக்கால்வாசி மூடிய கண்கள் அவை. உடம்பு முழுக்கப் பழுப்புச் சாம்பலில் அடுக்கடுக்கான பட்டை, முகம் மட்டும் தூய வெள்ளை. அவ்வளவு அடர்ந்த பட்டை என்றால் இளம் பெண் பறவையாகத்தான் இருக்க வேண்டும். ஆண் பறவைதான் வயது ஏற ஏற வெளுத்துக்கொண்டே போகும்.

காற்று வீசும்போதெல்லாம் நெஞ்சு இறகு பிரிந்து உள்ளே அடர்ந்த தூவி தெரியும், மறுநொடி மூடிக்கொள்ளும். அலகைச் சுற்றி மீசையாக வளர்ந்த இறகில் அலகே பாதி மறைந்துவிட்டது. வெகுநேரம் அது ஒன்றுமே செய்யவில்லை. பிறகு கழுத்தை முன்னால் நீட்டி, வாயை அகலத் திறந்து, இரண்டு மூன்று முறை தலையை உதறி, கறுப்பாக ஓர் உருண்டையைக் கக்கியது. செரிக்காத எலும்பும் மயிரும் சேர்ந்த உருண்டை. வெள்ளைப் பனியில் அது விழுந்த இடம் தனியாகத் தெரிந்தது. ஆந்தை ஒருமுறை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு பழையபடி கண்ணை மூடிவிட்டது.

அங்கே மனதைக் கசக்கியது ஒன்று. கேமராவோடு வந்திருந்த ஒருவர், கடையில் விலைக்கு வாங்கி வந்த வெள்ளெலியைப் பனியில் விட்டார். ஆந்தை பறந்து வந்து தூக்கியது, அவருக்குப் படம் கிடைத்தது. இப்படிப் பழகிய பறவை மனிதர் நிற்கும் இடத்தைத் தேடி, அதாவது ரோட்டோரத்தைத் தேடி வர ஆரம்பிக்கும். கார் மோதிச் சாவது அங்கே குளிர்காலப் பனி ஆந்தைகளுக்குப் பெரிய ஆபத்து. இதைச் செய்கிறவர்கள் தங்களைப் பறவைப் பிரியர்கள் என்று சொல்லிக்கொள்வதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

டிசம்பர் 14

"ஆந்தைக்குத்தான் பகலில் கண் தெரியாதே, அப்புறம் ஏன் பகலில் வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தது?" மேற்கு மாம்பலம் அம்மா கேட்டது.

எந்த ஆந்தைக்கும் பகலில் கண் தெரியாமல் போவதில்லை. பகலில் வெளியே வந்தால் காக்கைகள் கூட்டம் கூடி விரட்டும், அதனால் ஒளிந்துகொள்கின்றன. பகலில் காக்கை கூகையை வெல்லும் என்று வள்ளுவர் எழுதியது கண்ணால் கண்டது. மயிலாப்பூரில் எந்த மரத்தடியிலும் இன்றைக்கும் பார்க்கலாம்.

பனி ஆந்தையின் கதை வேறு. அது கூடு வைக்கும் இடத்தில் கோடை முழுக்கச் சூரியன் மறையாது. இருட்டினால்தான் வேட்டை என்று காத்திருந்தால் குஞ்சு பட்டினிதான். அதனால் நடுப்பகல், நள்ளிரவு என்ற பேதம் அதற்கு இல்லை. ஒரு மேட்டில் உட்கார்ந்து, தலையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்து, அசைவு தெரிந்ததும் தாழப் பறந்து போய்ப் பிடிக்கும். அதே பறவை குளிர்காலத்தில் பல வாரங்கள் சூரியனே எட்டிப் பார்க்காத இருட்டிலும் வேட்டையாடும். எது கிடைக்கிறதோ, எந்த நேரத்தில் கிடைக்கிறதோ, அதற்கு ஏற்றபடி வாழும்.

டிசம்பர் 16

"இது என்ன சாப்பிடும்?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சாப்பாட்டைச் சொன்னால் அதன் வாழ்க்கை முழுவதையும் சொன்னதாகிவிடும். அதனால் இது நீளமாகத்தான் வரும்.

லெம்மிங் என்று ஒரு பிராணி. எலி இனம்தான், ஆனால் வால் கட்டை, காது தெரியாது, உருண்டையாக இருக்கும். வடதுருவத்தைச் சுற்றியுள்ள மரமில்லாத தூந்திர வெளியில் புல்லையும் பாசியையும் தின்று வாழ்கிறது. குளிர்காலத்தில் தூங்குவதில்லை. பனிக்கு அடியில், தரைக்கும் பனிக்கும் நடுவிலுள்ள இடுக்கில் வளை அமைத்து, அங்கேயே தின்று, அங்கேயே குட்டியும் போடும். மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை எக்கச்சக்கமாகப் பெருகும், பிறகு திடீரென்று காணாமல் போகும்.

வளர்ந்த பனி ஆந்தை ஒன்று ஒரு நாளைக்கு 3 முதல் 5 லெம்மிங் வரை தின்னும். முயல், தூந்திரக் கோழி, வாத்து, கடற்பறவை எல்லாம் பிடிக்கும்தான். ஆனால் கூடு வைக்கலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது லெம்மிங். லெம்மிங் பெருகிய வருடத்தில் ஒரு கூட்டில் 7, 9, 11 முட்டை கூட இருக்கும். சுமாரான வருடத்தில் 3 அல்லது 5. லெம்மிங் இல்லாத வருடத்தில் அந்தப் பகுதியில் ஒரு கூடு கூட இருக்காது. அலாஸ்காவின் வடமுனையில் உத்கியாக்விக் ஊரைச் சுற்றி டென்வர் ஹோல்ட் என்ற ஆய்வாளர் 1992 முதல் இந்தக் கூடுகளைக் கணக்கெடுத்து வருகிறார். அங்கேயும் கூடுகள் நிறைந்த வருடமும் உண்டு, ஒன்றுமே இல்லாத வருடமும் உண்டு.

2013 கோடையில் கனடாவின் வடகியூபெக்கில் எடுத்த ஒரு படம் உண்டு. ஒரே கூடு. அதைச் சுற்றி வேலி கட்டியதுபோல் செத்த லெம்மிங்குகள். எண்ணிப் பார்த்தால் 70 லெம்மிங், கூடவே வயல் எலி 8. இவ்வளவும் ஆண் பறவை கொண்டுவந்து குவித்தது. தாய் முட்டையை விட்டு நகராது, 32 நாள் போல அடைகாக்கும், அந்த நாள் முழுக்க அதற்குச் சாப்பாடு ஆணின் பொறுப்பு. முட்டை பொரியும் முன்பே சரக்கு சேர்ந்துவிட்ட கூடு அது.

கூடு என்றால் குச்சி கிச்சி ஒன்றும் கிடையாது. காற்று பனியை வாரிக்கொண்டு போய்விடும் ஒரு சின்ன மேடு, அதில் தாய் நகத்தால் கீறி அமைத்த குழி, அவ்வளவுதான். சுற்றிலும் நாலா பக்கமும் பார்க்க வேண்டும், அதுதான் முக்கியம். முட்டைகளை ஒரே நாளில் இடாமல் இரண்டு நாளுக்கு ஒன்றாக இடும், முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்கிவிடும். அதனால் மூத்த குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் இரண்டு வாரத்துக்கு மேல் வித்தியாசம் வரலாம். தீனி நிறைய இருந்தால் எல்லாம் பிழைக்கும், குறைந்தால் கடைக்குட்டி முதலில் போகும். இது கொடுமையாகத் தெரியலாம். ஆனால் அடுத்த மாதம் எவ்வளவு எலி கிடைக்கும் என்று தெரியாமலேயே முட்டையிட வேண்டிய தாய்க்கு வேறு வழி இல்லை.

டிசம்பர் 16, பின்னிரவு

காலையில் எழுதியதோடு சேர்க்க வேண்டியது ஒன்று. ஒரு வருடம் கூடு வைத்த இடத்துக்கே பனி ஆந்தை மறு வருடம் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். கனடாவின் பைலட் தீவில் பெண் ஆந்தைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். அடுத்தடுத்த வருடக் கூடுகளுக்கு இடையே சராசரி தூரம் 725 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போனால்கூட அவ்வளவு வராது. லெம்மிங் எங்கே பெருகியிருக்கிறதோ அந்த வருடம் அதுதான் ஊர்.

டிசம்பர் 17

வடபழனி தம்பிக்கு: லெம்மிங்குகள் கூட்டமாகப் போய்க் கடலில் குதித்துத் தற்கொலை செய்துகொள்ளும் என்பது பொய். 1958இல் வந்த ஓர் அமெரிக்க இயற்கைப் படத்தில் அந்தக் காட்சியைச் செயற்கையாக எடுத்தார்கள். கடலே இல்லாத கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், விலைக்கு வாங்கிய லெம்மிங்குகளை வைத்து எடுத்தது. 1982இல் கனடியத் தொலைக்காட்சி அதை அம்பலப்படுத்தியது. எண்ணிக்கை பெருகும்போது அவை இடம்பெயரும், ஆற்றைக் கடக்கும்போது சில மூழ்கும். சாக வேண்டும் என்று எதுவும் போவதில்லை.

டிசம்பர் 18

பெரும்பாக்கத்துக்காரர் மறுபடி எழுதியிருக்கிறார். சீறல் சத்தம் கேட்கிறதாம், குஞ்சு இருக்கிறது. ஆனால் குடியிருப்போர் சங்கத்தில் இரண்டு தரப்பு. ஒரு தரப்புக்கு ஆந்தை வீட்டுக்கு ஆகாது, விரட்ட வேண்டும். இன்னொரு தரப்புக்கு லட்சுமி வாகனம், இருக்கட்டும். இதற்கு நடுவில் பார்க்கிங்கில் பெருச்சாளித் தொல்லை என்று மாதா மாதம் எலி கேக் வைக்கிறார்கள்.

முதலில் நிறுத்த வேண்டியது அந்த எலி கேக்கைத்தான். கடையில் விற்கும் பெரும்பாலான கேக்குகள் ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் மருந்து. தின்ற எலி உடனே சாகாது. இரண்டு மூன்று நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். தள்ளாடும் எலியைத்தான் கூகை சுலபமாகப் பிடிக்கும். மருந்து எலியின் ஈரலிலிருந்து கூகைக்கும் குஞ்சுக்கும் போகும். வெளியில் காயமே இல்லாமல் உள்ளே ரத்தம் கசிந்து செத்துக் கிடக்கும். அமெரிக்காவில் குளிர்காலத்தில் செத்துக் கிடைத்த பனி ஆந்தைகளைச் சோதித்தபோது அவற்றிலும் இதே வகை மருந்து இருந்தது. வாழ்நாளில் பெரும்பகுதி மனிதனையே பார்க்காத பறவை, நகரத்துப் பக்கம் சில வாரம் வந்ததற்கு உடம்பில் வாங்கிக்கொண்டது இது.

எங்கள் தெருவில் சில வருடங்களுக்கு முன் ஒரு கூகை ஜோடி இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே குஞ்சு பொரித்திருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் மருந்து வைத்தார்கள். ஆணை சாக்கடை மூடி மேல் கிடக்கக் கண்டேன், அலகோரம் மட்டும் கொஞ்சம் ரத்தம். தாய் ஒருத்தியாகக் குஞ்சுகளுக்கு எவ்வளவு இரை கொண்டுவர முடியும்? ஒரு குஞ்சுதான் மிஞ்சியது. அன்றிலிருந்து இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெருச்சாளிக்குக் கூண்டு வையுங்கள், குப்பைத் தொட்டிக்கு மூடி போடுங்கள், ஓட்டைக்குச் சிமெண்ட் பூசுங்கள். குஞ்சு கீழே விழுந்தால் அட்டைப் பெட்டியில் வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றாமல், வனத்துறைக்குச் சொல்லுங்கள். காயம் இல்லையென்றால் மேலே கூட்டுப் பக்கம் வைத்துவிடுவதே நல்லது, தாய் ஏற்றுக்கொள்ளும். 1972ஆம் வருட வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம் என்று சங்கத்து நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டுங்கள். ராசி பேசுகிறவர்களிடம் வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம், சட்டத்தைச் சொன்னால் போதும்.

டிசம்பர் 21

"குளிர் தாங்காமல்தான் தெற்கே வரும் என்று என் மகன் புத்தகத்தில் இருக்கிறது" என்று குரோம்பேட்டை அம்மா எழுதியிருக்கிறார். பனி ஆந்தை குளிருக்குப் பயப்படுகிற பறவை இல்லை. அந்த இறகுப் போர்வையோடு பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் உட்கார்ந்திருக்கும்.

இதில்தான் செயற்கைக்கோள் கருவி பெரிய ஆச்சரியத்தைக் கொடுத்தது. பைலட் தீவில் கருவி பொருத்திய பெண் ஆந்தைகளில் பெரும்பாலானவை குளிர்காலத்திலும் ஆர்க்டிக்கை விட்டுப் போகவே இல்லை. நிலத்தையும் விட்டுவிட்டு, உறைந்த கடல் மேல் போய் வாரக்கணக்கில் தங்கியிருந்தன. கடல் முழுக்க உறைந்தாலும் நீரோட்டமும் காற்றும் சேர்ந்து சில இடங்களைத் திறந்தே வைத்திருக்கும். அந்தத் திறந்த தண்ணீரில் ஈடர் என்ற கடல் வாத்துகள் கூட்டமாக ஒதுங்கும். பனிக்கட்டி விளிம்பில் உட்கார்ந்து, இருட்டில், வாத்தைப் பிடித்துத் தின்றுகொண்டு குளிர்காலத்தைக் கழிக்கிறது. கோடையில் 80 கிராம் லெம்மிங்கைப் பொறுக்குகிற பறவை, குளிரில் தன் எடைக்குக் கிட்டத்தட்ட வருகிற வாத்தின் மேல் பாய்கிறது. இதைப் படித்தபோது இந்தப் பறவையின் மேல் எனக்கு இருந்த மரியாதை பல மடங்காகிவிட்டது.

சரி, தெற்கே வருவது யார்? பெரும்பாலும் அந்த வருடம் பொரித்த இளசுகள். 2013 குளிர்காலத்தில் கிழக்கு அமெரிக்காவில் பல பத்தாண்டுகளில் காணாத அளவுக்குப் பனி ஆந்தைகள் இறங்கின. ஒன்று புளோரிடா வரை போனது, ஒன்று நடுக்கடலில் இருக்கும் பெர்முடாவுக்கே போனது. முதலில் எல்லோரும் பட்டினியால் ஓடிவந்தவை என்றார்கள். பிடித்து எடை பார்த்தால் பல நல்ல கொழுத்த நிலையில் இருந்தன. முன்பு சொன்ன 70 லெம்மிங் கூடு நினைவிருக்கிறதா? அதே கோடைதான். தீனி மிதமிஞ்சிப் போய், பொரித்த குஞ்சு எல்லாம் பிழைத்து, அத்தனை இளசுகளுக்கும் அங்கே இடம் போதாமல் தெற்கே பரவியவை. அந்த டிசம்பரில் தொடங்கிய புராஜெக்ட் ஸ்னோஸ்டார்ம் என்ற குழு இன்றும் அவற்றைக் கருவி பொருத்திப் பின்தொடர்கிறது.

வந்த இடத்தில் அவை தேடுவது தூந்திரம் போன்ற வெட்டவெளி. அது பெரும்பாலும் விமான நிலையம். பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் நார்மன் ஸ்மித் என்பவர் 1981 முதல் அவற்றைப் பிடித்து வேறு இடத்தில் விட்டு வந்தார். நியூயார்க்கில் அதே 2013 டிசம்பரில் விமானத்துக்கு ஆபத்து என்று சிலவற்றைச் சுட்டார்கள். மக்கள் கொதித்து எழுந்ததும் அங்கேயும் பிடித்து விடும் முறைக்கு மாறினார்கள். குரல் கொடுத்தால் நடக்கும் என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

டிசம்பர் 22

ஹாரி பாட்டர் கதையில் வரும் பனி ஆந்தை ஹெட்விக் பற்றிக் கேட்ட பாப்பாவுக்கு: கதையில் அது பெண், திரைப்படத்தில் நடித்தவை ஆண் ஆந்தைகள். ஆண்தான் அவ்வளவு வெள்ளையாக இருக்கும். வீட்டில் வளர்க்க ஆசையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். 2010இல் நம் நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷே அந்தக் கதைகளால் ஊரில் பிள்ளைகளுக்கு ஆந்தை வாங்கித் தரும் ஆசை பெருகிவிட்டது என்று கவலைப்பட்டார். பிடிபடுவது நம் ஊர் ஆந்தைகள், கண்ணா. படம் வரைந்து ஒட்டிக்கொள். கண்ணுக்கு மஞ்சள் தீட்ட மறந்துவிடாதே.

டிசம்பர் 26

"உலகத்தில் மொத்தம் எத்தனை இருக்கும்?" அண்ணா நகர் சார்.

முன்பெல்லாம் 2 லட்சத்துக்கு மேல் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். பிறகு கணக்கு 28,000 அளவுக்கு இறங்கியது. 2017இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவாய்ப்பு உள்ள இனமாக அறிவித்தது. 2 லட்சம் பறவை திடீரென்று செத்துவிடவில்லை. டிசம்பர் 16 பின்னிரவில் எழுதியதைப் பாருங்கள். ஒரு வருடம் அலாஸ்காவில் இருக்கும் பறவை அடுத்த வருடம் ரஷ்யாவில் இருக்கலாம். லெம்மிங் பெருகிய இடத்தில் கூட்டமாக இருப்பதை எண்ணி, அதையே தூந்திரம் முழுவதற்கும் பெருக்கினால் ஒரே பறவை பல இடத்தில் கணக்கில் ஏறிவிடும். நாடோடியை எண்ணுவது அவ்வளவு கஷ்டம்.

ஆனால் கணக்கு முறை மாறியதால்தான் எண்ணிக்கை இறங்கியது என்று நிம்மதி அடையவும் முடியாது. உண்மையாகவே குறைகிறது. வடகிழக்குக் கிரீன்லாந்தில் 2000ஆம் வருடத்துக்குப் பிறகு லெம்மிங்கின் ஏற்ற இறக்கச் சுழற்சியே நின்றுபோனது. பெருகும் வருடம் என்று ஒன்று வரவே இல்லை. அங்கே பறக்கும் பருவம் வரை வளர்ந்த பனி ஆந்தைக் குஞ்சுகள் 98 சதவீதம் குறைந்தன. ஸ்வீடனில் 2015க்குப் பிறகு கூடு வைத்ததாகவே பதிவு இல்லை.

காரணம் பனியின் தன்மை. லெம்மிங்குக்கு வேண்டியது உதிரி உதிரியான, காய்ந்த, ஆழமான பனி. அதற்கு அடியில்தான் கதகதப்பு, அங்கேதான் குட்டி போட முடியும். நடுக்குளிரில் திடீரென்று சூடு ஏறி மழை பெய்தால் பனி நனைந்து, மறுபடி உறைந்து, தரையோடு கண்ணாடியாக ஒட்டிக்கொள்ளும். புல் அதற்குள் சிறைப்பட்டுவிடும், வளை அடைந்துவிடும். கோடையில் ஆந்தை வந்து மேட்டில் உட்கார்ந்து பார்த்தால் ஓடுவதற்கு ஒன்றும் இருக்காது.

பனி உருகி ஆந்தைக்கு வெயில் தாங்காமல் போகும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அடி விழுவது அதன் மேல் நேராக இல்லை, பனிக்கு அடியில் வாழும் ஒரு சின்ன எலியின் மேல். பனி ஆந்தையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் யாரும் படம் எடுக்காத அந்த எலியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். இத்தனை நாளாக இங்கே சுற்றிச் சுற்றி நான் சொல்ல வந்தது இதைத்தான்.

டிசம்பர் 29

"மும்பையில் பெங்குவினையே வைத்திருக்கிறார்கள், வண்டலூரில் ஏசி போட்டுப் பனி ஆந்தை வைக்கலாமே, குழந்தைகள் பார்ப்பார்களே" என்று தாம்பரத்திலிருந்து ஒரு யோசனை.

மும்பையில் இருப்பது ஹம்போல்ட் பெங்குவின், பெரு, சிலி கடற்கரையில் வாழ்வது. பனிக்கட்டிப் பிராணி இல்லை. பனி ஆந்தையின் உடம்பே வெப்பத்தை வெளியே விடாமல் காக்கப் பிறந்தது. கோடையில் தூந்திரத்திலேயே வெயில் கொஞ்சம் ஏறினால் இறக்கையை விரித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். வெப்ப நாட்டுக் கூண்டுகளில் நுரையீரலில் பூஞ்சை பிடிக்கும், கொசு மூலம் பறவை மலேரியா வரும். இரண்டும் இந்த இனத்தை எளிதில் கொல்லும். மே மாதம் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏசி வேலை செய்தாலும் என் பதில் அதேதான். 1992இல் மாசசூசெட்ஸில் வளையம் மாட்டிய ஒரு பெண் ஆந்தை 2015இல் மொன்டானாவில் பிடிபட்டது. வயது குறைந்தது 23. இடையில் அது எத்தனை நாட்டு எல்லையைத் தாண்டியிருக்கும், எத்தனை குளிர்காலத்தைக் கடல் மேல் கழித்திருக்கும்! அதன் இனத்தைக் கொண்டுவந்து கண்ணாடிக்குப் பின்னால் உட்காரவைத்துப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டப் போகிறோம்?

ஜனவரி 2

பூந்தமல்லியிலிருந்து ஒரு சிறுவன்: குஞ்சுகள் தரையில் இருந்தால் நரி தின்னாதா?

தின்னப் பார்க்கும். அதனால்தான் இரண்டு மூன்று வாரத்தில், பறக்கத் தெரியும் முன்பே, குஞ்சுகள் நடந்து கூட்டை விட்டுப் போய்விடுகின்றன. ஒன்று ஒரு புதரோரம், ஒன்று ஒரு கல்லோரம் என்று பிரிந்துவிடும். நரி வந்தால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பிடிக்க முடியாது. பிறந்தபோது இருந்த வெள்ளைத் தூவி போய்ச் சாம்பல் தூவி வந்திருக்கும், கல்லோடு கல்லாக உட்கார்ந்தால் தெரியாது. தாயும் தகப்பனும் ஒவ்வொன்றாகத் தேடிப் போய் ஊட்டும். நன்றாகப் பறக்க ஏழு வாரம் ஆகும்.

தகப்பன் லேசுப்பட்டது இல்லை. நரி வந்தாலும் ஓநாய் வந்தாலும் மனிதன் வந்தாலும் மேலிருந்து பாய்ந்து நகத்தால் அடிக்கும். பனி வாத்துகளுக்கு இது தெரியும். பைலட் தீவிலும் ரஷ்யாவின் ராங்கல் தீவிலும் வேண்டுமென்றே பனி ஆந்தைக் கூட்டுக்குப் பக்கத்தில் போய் முட்டையிடுகின்றன. ஆந்தை காவல் இருக்கும் வட்டத்துக்குள் நரி வராது, வாத்துக் குஞ்சும் பிழைக்கும்.

ஜனவரி 5

"அப்போ சென்னையில் பனி ஆந்தைக்குச் சொந்தம் யாரும் இல்லையா?" பெரம்பூர் தம்பிதான் மறுபடி.

இருக்கிறது. ஆனால் அது கூகை இல்லை. கூகை வெள்ளையாக இருந்தாலும் தனிக் குடும்பம், பனி ஆந்தைக்கு ரொம்ப தூரத்து உறவு. நெருங்கிய சொந்தம் நம் கொம்பன் ஆந்தை. பழுப்பு நிறம், ஆரஞ்சுக் கண், தலையில் இரண்டு கொம்பு இறகு. முன்பு பனி ஆந்தையைத் தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்த பிறகு இரண்டையும் பூபோ என்ற ஒரே பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். பனி ஆந்தைக்கும் கொம்பு இறகு உண்டு, ரொம்பச் சின்னது, இறகுக்குள் மறைந்திருக்கும். கொம்பன் ஆந்தையும் கூடு கட்டாது, பாறைத் திட்டில் வெறும் தரையைக் கீறி முட்டையிடும்.

மேடவாக்கத்துக்குப் பக்கத்தில் நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறதே, அதன் நடுவில் கைவிட்ட கல்குவாரி. அந்தப் பாறைச் சுவர்தான் இதற்கு வீடு. கூடு வைக்கும் காலம் இதுதான், அந்தி சாயும்போது ஆழமாக இரண்டு ஓசையாகக் கூப்பிடும். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். டார்ச், ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம், ஃபோனில் குரலைப் பதிவு செய்து வைத்து ஒலிக்கவிட்டு அழைக்கவும் வேண்டாம். சுற்றிலும் கட்டடம் நெருங்கிவிட்டது, இன்னும் எத்தனை ஜோடி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நன்மங்கலம், கோவிலம்பாக்கம், வேங்கைவாசல் பக்கம் குடியிருக்கிறவர்கள் இந்த மாதம் குரல் கேட்டால் தேதி, நேரம், எந்தத் திசையிலிருந்து வந்தது என்ற மூன்றையும் இங்கே எழுதுங்கள். கூடு இருக்கும் இடத்தை மட்டும் எழுதாதீர்கள்.